ஒரு சாண், நான்கு விரல்

கடந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் கலை வட்டத்தின் செயற்குழு கூடி, மண்டபத்து ஒலிவாங்கியின் தலைக்குப் போடும் பஞ்சுறை இனி நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இந்த முடிவை எட்ட ஐம்பது நிமிடங்கள் தேவைப்பட்டன. கறுப்பு என்றால் செத்த வீடு போல இருக்கும் என்றார் தலைவர். சிவப்பு என்றால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள் என்றார் பொருளாளர். பழைய உறை மஞ்சள். அதை எலி தின்றுவிட்டபடியால் மஞ்சளுக்கு ஆதரவு இருக்கவில்லை. ஐந்துக்கு மூன்று என்ற வாக்குகளால் நீலம் வென்றது. செயலாளன் என்ற முறையில் நான் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கமலா அக்கா.

"தம்பி, இவர் எழும்பேல்லை," என்றார். "கோப்பி கேட்டவர். ஊத்திக்கொண்டு போனன். எழும்பேல்லை."

கோப்பி கேட்டவர் அவருடைய கணவர், ஒலிப்பதிவாளர் கனகசபை பேரின்பநாதன் அவர்கள். வயது எழுபத்துநான்கு. செயற்குழு இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. பின்னர் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. குறிப்பு உறுதிப்படுத்தப்படாததால் நீல உறை வாங்கப்படவில்லை. நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுவது செயலாளனின் கடமை என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் "மைக் அண்ணை". அறியாதவர்கள்கூட அவருடைய வேலையைக் கேட்டிருப்பார்கள். வானொலியில் முப்பது வருடம் ஒலிப்பதிவு செய்தார். ஓய்வுபெற்ற பின் கொட்டாஞ்சேனையில் ஒரு பித்தளைச் சாமான் கடைக்கு மேல் அறை எடுத்து, வாத்தியங்களை மட்டும் பதிவு செய்தார். கீழே பித்தளை அடிப்பார்கள். பின்னால் தேவாலய மணி, முன்னால் கோயில் மணி, இரண்டும் ஓய்ந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதும். ஏன் இங்கே அறை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இதைவிடக் கூடாத இடம் கொழும்பிலை இல்லைத் தம்பி. இஞ்ச எடுக்கப் பழகினால் எங்கையும் எடுக்கலாம்."

அந்த அறையில் அவர் எடுத்தவை மிகக் குறைவு.

வானொலிக் காலத்துச் சம்பவம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் அதுவே தீர்மானித்தது. ஒரு பாடகரை வைத்துப் பக்திப் பாடல் பதிவு செய்தார்கள். பதிவுக்கு முன் குரலின் அளவு பார்க்க ஒரு பரீட்சார்த்தப் பதிவு எடுப்பது வழக்கம். அதை அவர் "டெஸ்ட்" என்பார். டெஸ்ட் நாடாவும் உண்மை நாடாவும் அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மறுநாள் காலை ஒலிபரப்பில், அம்பாளின் பாதம் பணிந்த அந்தப் பாடகர் இரண்டாவது வரிக்கு முன்னால், "தேத்தண்ணி எங்கை? இண்டைக்கும் சீனி இல்லையோ?" என்று நாடு முழுவதையும் கேட்டார். விசாரணை நடந்தது. விளக்கக் கடிதம் கேட்கப்பட்டது. பேரின்பநாதன் அவர்கள் அன்றே ஒரு விதி செய்துகொண்டார்.

"டெஸ்டுக்கு ஆயுள் பொழுதுபடும் வரைக்கும்தான். செக்கலுக்குள்ளை அழிச்சுப்போட வேணும்."

அந்த விதியை அவர் ஒருநாளும் மீறவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் என் மனைவி திலகவதி. திலகவதி வீணை ஆசிரியை. கச்சேரி செய்பவர் அல்லர். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் போன பின் தனக்கென்று அரை மணி நேரம் வாசிப்பார். அதைக் கேட்டவர்கள் நானும், சுவருக்கு அப்பால் உள்ளவர்களும். பதினொரு வருடத்துக்கு முன் மண்டபத்தில் மாணவிகளின் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்ய வந்த பேரின்பநாதன் அவர்கள், மேடைக்குப் பின்னால் திலகவதி சுருதி சேர்ப்பதைக் கேட்டார். தோளில் இருந்த வயரை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"டீச்சர், உங்கடை வாசிப்பை ஆரும் எடுத்து வைச்சிருக்கினமோ?"

"என்ரையை ஆர் அண்ணை எடுக்கிறது?"

"நான் எடுத்துத் தாறன்," என்றார்.

அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. கடைசி நாள் வரை செய்துகொண்டே இருந்தார்.

அவர் அடிக்கடி சொல்வார்: "எந்த மைக் நல்லது எண்டு கேக்கக் கூடாது. என்ன வாத்தியம், என்ன அறை, வெளியிலை என்ன சத்தம் எண்டு கேக்க வேணும். மைக் கடைசி." நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அவர் டைனமிக் எனப்படும் கட்டுறுதியான மைக்கையே வைப்பார். "விழுந்தாலும் சாகாது, கத்தினாலும் சாகாது. தவிலுக்கும் அரசியல்வாதிக்கும் அதுதான் தோது." அதையே முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். திலகவதி வாசித்தார். அண்ணை காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"மீட்டின சத்தம் வருது. மீட்டின பிறகு வாற சத்தம் வரேல்லை. அதுதானே வீணை."

வீணையை மீட்டுவதற்கு ஒரு கணம் போதும். மீட்டிய தந்தியை இடக்கை விரல் இழுத்து வளைக்க வளைக்க, அந்த ஒலி தேய்ந்துகொண்டே பேசும். டைனமிக் மைக் முதல் சொல்லைக் கேட்டுவிட்டு மிச்சத்துக்குத் தூங்கியது. பொழுதுபட முன் அந்த டெஸ்ட் அழிக்கப்பட்டது.

அடுத்து அகன்ற முகமுள்ள கொண்டென்சர் மைக் வந்தது. அது நன்றாகக் கேட்டது. வீணையைக் கேட்டது, கடலைக் கேட்டது, கடற்கரை ரயிலைக் கேட்டது, காகங்களைக் கேட்டது. எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதையும் கேட்டது. மெட்டுப் போட்டுக்கொண்டு முச்சக்கர வண்டியில் பேக்கரிச் சாமான் கொண்டுவரும் சூன் பாண்காரனை, அவன் காலி வீதியைத் தாண்டும்போதே கேட்டது. நான் கீழே ஓடிப்போய், "மல்லி, பொட்டக் சத்தே அடு கரன்ன," என்று சிங்களத்தில் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அவன் நல்லவன். உடனே மெட்டை நிறுத்திவிட்டு, "பாண், பாண்" என்று வாயால் கூவத் தொடங்கினான்.

"இது நேர்மையான மைக்," என்றார் அண்ணை. "நேர்மையான ஆளோடை வெள்ளவத்தையிலை குடியிருக்க ஏலாது."

அப்படியானால் கொட்டாஞ்சேனைக்குப் போகலாமே என்றேன். அங்கே பித்தளை இருப்பதை நினைவூட்டினார். வீணையின் உடம்பிலேயே ஒட்டும் மைக் ஒன்று இருக்கிறதே, கச்சேரிக்காரர்கள் எல்லாம் வைக்கிறார்களே என்றேன். அந்த ஒரு தடவைதான் அவர் என்னைச் சற்றுக் கோபமாகப் பார்த்தார்.

"வயித்திலை காதை வைச்சுக் கேட்டால் என்ன கேக்கும் தம்பி? சமிபாடு கேக்கும். அவ கதைக்கிறது கேக்குமோ?"

மூன்றாவதாக வந்தது பென்சில் போன்ற ஒல்லியான மைக். அது கூரிய காது உள்ளது, குறித்த திசையில் மட்டும் கேட்கும் என்றார். வயலினுக்கும் ஜலதரங்கத்துக்கும் அதை வைத்திருக்கிறார். யன்னலுக்குப் புறமுதுகு காட்டி வைத்தார். திலகவதி வாசிக்கத் தொடங்கினார். அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினார்.

"டீச்சர், இடைக்கிடை 'டக், டக்' எண்டு ஒரு சத்தம். வீணையின்ரை மெட்டோ?"

"இல்லை அண்ணை."

"வளையலோ?"

"கழட்டிப்போட்டன்."

"அப்ப என்ன அது?"

திலகவதி இடக்கையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ரை விரல்."

எனக்கு அதுவரை தெரியாது. டாக்டருக்குத் தெரியும். மூட்டுவாதம், இடக்கை விரல்களில் தொடங்கிவிட்டது, நிற்பாட்ட முடியாது, மருந்தால் மெதுவாக்கலாம் என்று சொல்லியிருந்தாராம். மூன்று நான்கு வருடம் தாராளமாக வாசிக்கலாம், அதற்குப் பிறகு சொல்ல இயலாது என்றும் சொல்லியிருந்தாராம். மனைவி கணவனிடம் மறைத்ததை ஒரு மைக் கண்டுபிடித்தது. மிக நல்ல மைக். அதை அண்ணை அடுத்த வாரமே ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

"இனிப் பிந்தக் கூடாது," என்றார் அவர். அவருடைய அகராதியில் அவசரம் என்பதற்கு அர்த்தம், சரியான மைக்கைப் பிழையில்லாமல் தேடுவது.

பிறகு தொற்றுநோய் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். வெள்ளவத்தை தன் வாழ்நாளில் முதல் தடவையாக மௌனமாக இருந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, பாண்காரன்கூட ஒரு வாரம் இல்லை. திலகவதி யன்னலைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் வாசிப்பார். அண்ணை தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன சத்தமில்லாமல் கிடக்கு, ஐயோ," என்பார். கொட்டாஞ்சேனை வீதிகளை மறித்து வைத்திருந்தார்கள். அவர் வெளியே வர முடியவில்லை.

அதற்குப் பின் எரிபொருள் இல்லாத காலம் வந்தது. வாகனங்கள் எல்லாம் வரிசையில் நின்றன, ஓடவில்லை. மறுபடியும் அருமையான அமைதி. ஆனால் மின்சாரமும் இல்லை. மின்சாரம் வரும் நேரத்தில் எல்லோரும் மாவரைத்தார்கள். மின்சாரம் போனால் பக்கத்து ஹோட்டலில் ஜெனரேட்டர் போட்டார்கள். அண்ணை ஒருநாள் பற்றரியில் ஓடும் பதிவுக் கருவியோடு கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் வந்தார். எழுபது வயதை எட்டிய மனிதர். வந்து சேர்ந்தபோது அவருக்கு இளைத்தது. அவர் மூச்சு வாங்கும் சத்தம் அடங்க நாற்பது நிமிடம் பிடித்தது. அதற்குள் ஜெனரேட்டர் தொடங்கிவிட்டது.

கடைசியில் சரியான மைக் இரத்மலானையில் கிடைத்தது. மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் சாமான்களை மொத்தமாக எடுத்த ஒருவர், அது என்னவென்று தெரியாமல் கதவுக்கு முண்டு கொடுத்து வைத்திருந்தாராம். பேரின்பநாதன் அவர்கள் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி, முச்சக்கர வண்டிக்காரனிடம் பள்ளங்களில் மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அது ரிப்பன் மைக். அன்று எங்கள் வரவேற்பறையில் எங்களுக்கு ஒரு விரிவுரை நடந்தது.

"உள்ளுக்கை ஒரு அலுமினியத் துண்டு, வெங்காயச் சருகைவிட மெல்லிசு, காந்தத்துக்கு நடுவிலை தொங்குது. சத்தம் பட்டால் ஆடும். அவ்வளவுதான். தம்பி, கிட்டப் போகாதேங்கோ. ஊதினால் செத்துப்போம்."

"செத்தால்?" என்றேன்.

"திருப்பிக் கட்ட நாட்டிலை ஆக்கள் இல்லை."

அதன் சிறப்பு என்னவென்றால், அது முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரண்டு பக்கமும் செவிடு. அண்ணை அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஒரு பக்கம் ரயில், மற்றப் பக்கம் குசினி, ரெண்டும் கேளாது. முன்னுக்கு வீணை. பின்னுக்கு உங்கடை சாமியறை. சாமி சத்தம் போடாது." உலோகத் தந்தியின் கூர்மையையும் அது சற்று மழுக்கிவிடும், விரல் மூட்டின் சத்தத்தை எடுத்துச் சொல்லாது என்றார். திலகவதி சிரித்தார்.

"அப்ப நல்ல மரியாதை தெரிஞ்ச மைக்தான் அண்ணை."

தூரம் மட்டும் மிச்சம். அவர் அளவுநாடா பாவிப்பதில்லை. சாணாலும் விரலாலும் அளப்பார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் மைக்கில் கிழமை, மைக்கின் வகை, தூரம் மூன்றையும் தன் குரலில் சொல்வார். "சனிக்கிழமை. ரிப்பன். ரெண்டு சாண்." பிடிக்காது. அடுத்த சனி, "ஒண்டரைச் சாண், வீணைக் குடத்துக்கு நேரே." பிடிக்காது. ஏழு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. என்னுடைய வேலை, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் பதிவில் விழாமல் அதன் பிளக்கைக் கழற்றி, திரும்பக் கொளுவ மறக்காமல் இருக்க அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குசினி முக்காலியில் இருப்பது. அதற்குள் திலகவதியால் முக்கால் மணி நேரம் வாசிக்க முடியாமல் போயிருந்தது. அரை மணி. பிறகு இருபது நிமிடம். உண்மைப் பதிவுக்கு நாள் குறித்தார்கள்: திங்கட்கிழமை, போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு, வீதியில் சனம் குறைவு.

அதற்கு முந்திய சனிக்கிழமை கடைசி டெஸ்ட். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரயில் சாரதிகள் வேலைநிறுத்தம். காகங்கள் எங்கே போயின என்று தெரியாது. அண்ணை மைக்கை வைத்து, கையை விரித்து அளந்து, வழக்கம்போல் சொன்னார்: "சனிக்கிழமை. ரிப்பன். ஒரு சாண், நாலு விரல். குடத்துக்கு மேலே, இடப்பக்கம்." திலகவதி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். டெஸ்ட் என்றால் இரண்டு நிமிடம். அன்று அவர் நிறுத்தவில்லை. அண்ணையும் நிறுத்தச் சொல்லவில்லை. நாற்பது நிமிடம். நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முப்பத்தெட்டு வருடம் அந்த வீட்டில் அவருடைய வீணையைக் கேட்டவன் நான். அன்று வாசித்ததை அதற்கு முன் கேட்டதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குச் சங்கீதம் தெரியாது.

முடிந்ததும் அண்ணை ஹெட்போனைக் கழற்றினார். பிறகு எழுந்து, மைக்கின் மேல் துணியைப் போட்டார்.

"இதுதான் டீச்சர். இதுதான் தூரம். திங்கக்கிழமை இதையே அப்பிடியே வாசியுங்கோ."

"திங்கக்கிழமை இது வராது அண்ணை."

"ஏன் வராது? அதே மைக், அதே இடம், அதே நீங்கள்."

திலகவதி தேநீர் போட எழுந்தார். பேரின்பநாதன் அவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். பொழுதுபட்டது. அவர் விதிப்படி நடந்தார்.

திங்கட்கிழமை காலை திலகவதியின் இடக்கை விரல்கள் வீங்கியிருந்தன. நாற்பது நிமிடத்துக்கான கட்டணம் என்று டாக்டர் பிறகு சொன்னார். தந்தியை அழுத்த முடியவில்லை. அண்ணை மைக்கோடு வந்து, கையைப் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்தார்.

"பரவாயில்லை," என்றார் திலகவதி. "சனிக்கிழமையதை வைச்சிருக்கிறியள்தானே அண்ணை?"

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது டெஸ்ட் எல்லோ டீச்சர்," என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. பதிவுக் கருவியின் சிறிய மெமரி கார்டை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்கு ஓடினார். நானும் போனேன். அழித்தவற்றை மீட்டுத் தரும் ஒருவர் அங்கே போயாவுக்குப் பூட்டியிருந்த ஒரு கைக்கடிகாரக் கடைக்கு மேல் குடியிருந்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார். "சேர், இதுக்கு மேல நேத்து வேற ஏத்தி இருக்கீங்களே," என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமத்திய வீட்டில், பெண்பிள்ளையின் பூப்பு விழாவில், நாதஸ்வரம் எடுத்திருந்தார் அண்ணை, அதே கார்டில். அடியில் இருந்து ஒன்பது வினாடிகள் மட்டும் கிடைத்தன. மீட்பவர் அதைப் போட்டுக் காட்டினார். "சனிக்கிழமை. ரிப்பன். ஒரு சாண், நாலு விரல். குடத்துக்கு மேலே, இடப்பக்கம்." பிறகு என் மனைவி தொண்டையைச் செருமுகிறார். அத்தோடு முடிகிறது. மிகத் தெளிவான பதிவு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணை கார்டைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு, "அழிக்கேக்கை கை கூசினதுதான்," என்றார்.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகன், ஏன் இந்தக் கூத்து, ஃபோனில் எடுத்து அனுப்புங்கள் என்றான். வீக்கம் குறைந்த ஒரு காலையில் நான் அண்ணைக்குத் தெரியாமல் எடுத்தேன். இப்போதைய ஃபோன்கள் புத்தியுள்ளவை. மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் இரைச்சல் என்று நீக்கிவிடும். நான் நடுவில் இருமியது துல்லியமாக வந்திருந்தது. வீணை பக்கத்து வீட்டில் பாத்திரம் அலசுவது போலக் கேட்டது. அதை மகனுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு, இருமலுக்கு மருந்து எடுங்கோ," என்று பதில் வந்தது.

அதற்குப் பின்னான இந்த இரண்டு வருடமும் பேரின்பநாதன் அவர்கள் மாதம் ஒருமுறை வந்தார். மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். கொட்டாஞ்சேனை பேக்கரியில் மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு வருவார். அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "விரல் எப்பிடி டீச்சர்?" என்று கேட்பார். "இருக்கு," என்பார் திலகவதி. மாலு பாண் சாப்பிடுவோம். பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை திலகவதி, "சும்மா ஏன் அண்ணை அதைக் காவிக்கொண்டு திரியிறியள், வீட்டை வைச்சிட்டு வாங்கோவன்," என்றார். "சும்மா வாறது எண்டால் நான் ஏன் வாறன்?" என்றார் அவர்.

கடைசியாக வந்தபோது நல்ல செய்தி இருந்தது. புதிய மருந்து கொஞ்சம் வேலை செய்தது. காலையில் கை சூடாக இருக்கும்போது பத்து நிமிடம் வாசிக்க முடிகிறது என்றார் திலகவதி. ஒரேயொரு இராகம், விரிவாக இல்லை, சுருக்கமாக. அடுத்த போயா செவ்வாய்க்கிழமை வருகிறது.

"செவ்வாய் எண்டால் பரவாயில்லையோ?" என்று கேட்டார் அண்ணை.

"எனக்குச் செவ்வாய் இனி என்ன செய்யப்போகுது?"

அவர் எழுந்து வாசல் வரை போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "டெஸ்ட் எடுக்க மாட்டன் டீச்சர். வந்து வைச்ச உடனை பட்டனை அமத்துறன். முதல் எடுக்கிறதுதான் கடைசி."

நாற்பது வருடத்து விதியை ஒரு மனிதர் கைவிட்டதை நான் அந்த வாசலில் பார்த்தேன். அந்தப் போயாவுக்குப் பதினாறு நாளைக்கு முன் அவர் கோப்பி கேட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் சனம் நிறைந்திருந்தது. வெக்கை. தலைமாட்டில் நின்ற மின்விசிறியைக் கமலா அக்கா எழுந்து போய் நிறுத்தினார். "இவருக்கு அந்தச் சத்தம் பிடியாது," என்றார். யாரும் மறுபடி போடவில்லை. ஐம்பது பேர் வியர்வையோடு இருந்தோம். சவம் எடுக்கும் வரை அறையில் அவர் விரும்பியிருக்கக்கூடிய அமைதி இருந்தது. பிறகு கப்பல் ஊதியது.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து நாங்கள் போனபோது கமலா அக்கா மைக் பெட்டியைக் கொண்டுவந்து திலகவதியின் மடியில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை எடுக்கிறதெண்டு சொன்னவர். எடுங்கோ. எடுத்துப்போட்டு எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

"வேறை ஆரையும் கூப்பிட வேண்டாம்," என்று திலகவதி பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "அவர் சொன்ன மைக், அவர் சொன்ன தூரம். வேறை மைக் எண்டால் நான் வாசிக்க மாட்டன். நீங்கள் பட்டனை அமத்துங்கோ."

"தூரம்?"

"ஒன்பது செக்கன் இருக்கெல்லோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் திலகவதி வெந்நீரில் கையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசித்தார். மிச்ச ஐந்து நிமிடத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருக்கிறேன் என்றார்.

போயாவுக்கு முந்திய ஞாயிறு எங்கள் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். மறைந்தவருக்குப் பொருத்தமான மரியாதையாக, அஞ்சலி உரைகள் யாவும் அவருடைய சொந்த ஒலிவாங்கியில் நிகழ்த்தப்பட வேண்டும் என்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. நான் எதிர்த்தேன், ஏகமனதுக்குப் பங்கம் வரக்கூடாது என்று தலைவர் சொன்னதால் அது குறிப்பில் பதியப்படவில்லை. கமலா அக்காவைக் கேட்டார்கள். "அவருக்குச் செய்யிற மரியாதை எண்டால் நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். எங்கள் வீட்டில் இருந்த ரிப்பன் மைக் பெட்டியை நானே கொண்டுபோனேன். மண்டபத்துக்காரரோடு இருந்து நானே மைக்கைத் தாங்கியில் பொருத்தினேன். தலைவரிடம் தனியாகப் போய், இது மிக மெல்லியது, இதன் முன்னால் ஊதக் கூடாது என்று சொன்னேன்.

"என்ன செக்ரட்டரி, நாப்பது வருஷமா மேடையிலை நிக்கிறன். எனக்கு மைக் பிடிக்கத் தெரியாதே?" என்றார். அவர் கோபிக்கவில்லை. என் தோளில் தட்டினார்.

"ஊதக் கூடாது" என்று ஒரு கடதாசியில் பெரிதாக எழுதித் தாங்கியில் ஒட்டினேன். பஞ்சுறை இருந்தால் கொஞ்சம் காப்பாற்றும். நீல உறை இன்னும் வாங்கப்பட்டிருக்கவில்லை.

கமலா அக்காவும் திலகவதியும் முன்வரிசையில் இருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. தலைவர் எழுந்து வந்து, வேட்டியைச் சரிசெய்து, கடதாசியைக் கண்ணாடி இல்லாமல் சற்று நேரம் பார்த்தார். மைக்கை வாய்க்கு அருகே இழுத்தார். ஒரு விரலால் தட்டினார். பிறகு, பேசத் தொடங்கும் எவரும் இந்த நகரத்தில் செய்வதுபோல, இரண்டு தடவை ஊதினார்.

ஒலிபெருக்கியில் கடதாசி கிழிவது போன்ற சிறு சத்தம் கேட்டது. திலகவதி மடியில் இருந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஒலிபெருக்கியில் எதுவும் கேட்கவில்லை. உரைகள் மைக் இல்லாமல் நடைபெற்றன. ஏழு பேர் பேசினார்கள். நான் ஆறாவது. என் உரையின் கடைசி வரியை இரண்டு வரிசைக்கு அப்பால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்: அண்ணை, போகிற இடத்தில் காகமும் கப்பலும் இல்லை என்று நம்புகிறோம், அங்கே முதலில் எடுப்பதை அழிக்காமல் வைத்திருங்கள், போய் வாருங்கள்.

செவ்வாய்க்கிழமை போயா. மழை இல்லை. கடைகள் பூட்டியிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கை நான் கழற்றவில்லை.